பாட்டு எங்கே நின்றது?

காரில் இசை மௌனமானால் பழி விழுவது ஸ்டீரியோ மீது. பெரும்பாலும் குற்றவாளி நடுவில் தொங்கும் கேபிள்தான்.

தில்லியில் கரோல்பாக், பெங்களூரில் ஜே.சி. ரோடு, சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. கார்களுக்கு அலங்காரமும் ஒலியும் சேர்க்கும் கடைவீதிகள் இவை. இங்கே வருகிறவர்களில் ஒரு சாரார் கையில் பழைய ஐபாட், எம்.பி.3 பிளேயர் அல்லது செல்போன் இருக்கும். ஹெட்போனில் பாட்டு அருமையாகக் கேட்கும். காரில் செருகினால் மௌனம் அல்லது இரைச்சல். சில சமயம் வாத்தியங்கள் முழங்கும், பாடுபவரின் குரல் மட்டும் காணாமல் போயிருக்கும். ஸ்டீரியோ பழுதாகிவிட்டது என்ற முடிவோடு, புதியது வாங்கிவிடலாம் என்று பலர் கடைப் படி ஏறுகிறார்கள்.

பல சமயங்களில் இது வீண் செலவு. பிளேயரில் தொடங்கும் பாட்டு பின், கேபிள், ஜாக், ஸ்டீரியோ, ஸ்பீக்கர் என்று ஒரு சங்கிலி வழியாகப் பயணம் செய்கிறது. சங்கிலியின் விலை உயர்ந்த முனைகள் எளிதில் கெடுவதில்லை. அறுவது நடுவில் உள்ள மலிவான கண்ணிதான்.

பொருந்தாத ஜோடி

பிரச்சினையின் வேர் ஆயுள் கணக்கில் இருக்கிறது. இந்தியாவில் தனியார் காரின் முதல் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பாட்டுக் கருவிகளுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. ஐபாட் 2001 அக்டோபரில் அறிமுகமானது. 2003ல் அதற்கு 30 பின்கள் கொண்ட அகலமான இணைப்பு வந்தது. கார் கம்பெனிகள் அதற்கேற்ற கேபிளை டாஷ்போர்டில் பொருத்தி முடிப்பதற்குள் 2012ல் ஆப்பிள் 'லைட்னிங்' என்ற சின்ன பின்னுக்கு மாறியது. 2016ல் வந்த ஐபோன் 7ல் ஹெட்போன் துளையே இல்லை. 2023ல் ஐபோன் 15 யு.எஸ்.பி. சி பின்னோடு வந்தது. ஐபாடோ 2022 மே மாதத்திலேயே நிறுத்தப்பட்டது. இத்தனையும் நடந்து முடிந்தபோது 2008ல் வாங்கிய கார் தன் முதல் பதிவுக் காலத்தை அப்போதுதான் முடித்திருந்தது.

பின் ஒன்றாக இருந்தாலும் உள்ளே நடப்பது மாறியதுண்டு. பழைய ஐபாட்கள் 12 வோல்ட் வழியாகவும் சார்ஜ் ஏற்றிக்கொண்டன. சில கார் இணைப்புகள் அந்த முறையில்தான் செய்யப்பட்டிருந்தன. 2008ல் வெளிவந்த நான்காம் தலைமுறை ஐபாட் நானோ, இரண்டாம் தலைமுறை ஐபாட் டச் ஆகியவை அந்த வழியை மூடிவிட்டு யு.எஸ்.பி.யின் 5 வோல்ட்டை மட்டுமே ஏற்றன. பழைய காரில் அவற்றைச் செருகியவர்களுக்குப் பாட்டு வந்தது, சார்ஜ் ஏறவில்லை. பழுது எதுவும் இல்லை. இரண்டு கருவிகளுக்கும் பாஷை ஒத்துவரவில்லை, அவ்வளவுதான்.

குரல் போனது எப்படி?

குரல் மட்டும் மறைவது மாயம் போலத் தோன்றினாலும் காரணம் எளிது. ஆக்ஸ் கேபிளின் 3.5 மில்லிமீட்டர் பின்னில் மூன்று பகுதிகள் உண்டு. இடது ஒலி, வலது ஒலி, இரண்டுக்கும் பொதுவான எர்த். பாடகரின் குரல் வழக்கமாக இரு பக்கமும் சம அளவில் பதிவாகியிருக்கும். எர்த் தொடர்பு விட்டுப்போனால் இரு பக்கத்துக்கும் பொதுவானது ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். வித்தியாசம் மட்டுமே மிஞ்சும். எனவே குரல் போய்விடும், ஓரத்து வாத்தியங்கள் தகர டப்பாவுக்குள்ளிருந்து கேட்பது போல ஒலிக்கும். பின்னை முழுதாக அழுத்திச் செருகினாலோ கேபிளை மாற்றினாலோ பாடகர் திரும்பிவிடுவார். மைக்குக்காக நான்கு பகுதிகள் கொண்ட பின்னை மூன்று பகுதி ஜாக்கில் செருகும்போதும் இதே கூத்து நடக்கலாம்.

இன்னொரு தொல்லை ஊளைச் சத்தம். ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் அதுவும் உச்சஸ்தாயிக்குப் போகும். இது ஆல்டர்னேட்டரின் சத்தம். பிளேயர் ஒரே சமயத்தில் சிகரெட் லைட்டர் சார்ஜரிலும் ஆக்ஸ் கேபிளிலும் இணைந்திருக்கும்போது எர்த்துக்கு இரண்டு பாதைகள் உருவாகி, அந்த வளையத்தின் வழியாக இரைச்சல் பாட்டுக்குள் நுழைகிறது. சார்ஜரைக் கழற்றியதும் சத்தம் நின்றால் நோய் தெரிந்துவிட்டது. வேறு சார்ஜர் போட்டுப் பார்க்கலாம். அதற்கும் அடங்காவிட்டால் ஆக்ஸ் பாதையில் சிறு டிரான்ஸ்ஃபார்மர் கொண்ட 'ஐசொலேட்டர்' போதும். ஸ்டீரியோவை மாற்றினால் ஊளையும் புது ஸ்டீரியோவுக்குக் குடிபெயரும்.

வெறும் 'உஸ்' என்ற இரைச்சலென்றால் ஒலி அளவைப் பாருங்கள். பிளேயரில் குறைவாகவும் ஸ்டீரியோவில் அதிகமாகவும் வைப்பதுதான் பொதுவான தவறு. பிளேயரை முக்கால் பங்குக்கு மேல் ஏற்றிவிட்டு ஸ்டீரியோவைக் குறைப்பதே சரி.

படிக்காத பென்டிரைவ்

யு.எஸ்.பி. துளையில் செருகியதும் சார்ஜ் ஏறுகிறது, பாட்டு வரவில்லை என்றால் முதல் சந்தேகம் கேபிள் மீது. மலிவான கேபிள்கள் சிலவற்றில் மின்சாரத்துக்கான கம்பிகள் மட்டுமே இருக்கும், தகவலுக்கான கம்பிகள் இருக்காது. வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

பென்டிரைவில் சிக்கல் வேறு. பல கார் ஸ்டீரியோக்களுக்குத் தெரிந்தது 'ஃபேட் 32' என்ற அமைப்பு மட்டுமே. 64 ஜி.பி.யும் அதற்கு மேலும் உள்ள பென்டிரைவ்கள் பெரும்பாலும் 'எக்ஸ்ஃபேட்' முறையில் வருகின்றன. கம்ப்யூட்டரில் பாடும் டிரைவ் காரில் ஊமையாவது இதனால்தான். 32 ஜி.பி. டிரைவில் ஃபேட் 32 முறையில் எம்.பி.3 பாட்டுகளை ஏற்றினால் பழைய ஸ்டீரியோக்களும் பெரும்பாலும் ஒத்துழைக்கும். தமிழ், இந்தி எழுத்துப் பெயர்கள் திரையில் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் பயம் வேண்டாம். ஸ்டீரியோவில் அந்த எழுத்துரு இல்லை, பாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஐபாட் இன்னும் ஒரு படி மேலே. பாட்டுகளை மறைவான ஃபோல்டர்களில், நான்கு எழுத்துப் புதிர்ப் பெயர்களில் அது வைத்திருக்கும். ஐபாடை அடையாளம் காணத் தெரியாத ஸ்டீரியோவுக்கு அது காலி டப்பா. ஆக்ஸ் துளை இருந்தால் அதுவே சுலபமான வழி.

கம்பி இல்லாத வம்பு

ப்ளூடூத்தில் கேபிள் தகராறு இல்லை, ஆனால் வேறு விளையாட்டு உண்டு. போன் பேச்சுக்கும் பாட்டுக்கும் அது தனித்தனி ஏற்பாடுகளை வைத்திருக்கிறது. அழைப்பு ஸ்பீக்கரில் கேட்டும் பாட்டு வராவிட்டால், போனில் அந்தக் காரின் பெயருக்கு நேரே 'மீடியா ஆடியோ' அணைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பல ஸ்டீரியோக்கள் ஒரு சில கருவிகளின் பெயரை மட்டுமே நினைவில் வைக்கும். குடும்பத்தில் எல்லோர் போனும் ஏறிவிட்டால் புதியவருக்கு இடமில்லை. காரிலும் போனிலும் பழைய ஜோடியை அழித்துவிட்டு முதலிலிருந்து இணைப்பதே மருந்து. ஒரு பக்கம் மட்டும் அழித்தால் பலன் இல்லாமல் போகலாம்.

துளையே இல்லாத பழைய கார்களுக்கு இரண்டு வழிகள். கேசட் வடிவத்தில் வரும் அடாப்டர் ஒன்று. உள்ளே டேப்புக்குப் பதில் ஒரு சின்னக் காந்தத் தலை இருக்கும். அதன் பல்சக்கரம் இறுகினால் ஆட்டோ ரிவர்ஸ் டெக், டேப் முடிந்ததாக நினைத்து மாறி மாறித் திருப்பும், இல்லாவிட்டால் வெளியே துப்பிவிடும். இரண்டாவது, எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர். நிலையங்கள் நெருக்கும் மாநகரங்களில் காலி அலைவரிசை கிடைப்பது கஷ்டம். நெடுஞ்சாலையில் ஊருக்கு ஊர் மாற்ற வேண்டியிருக்கும். லாரிக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை: கார்களில் 12 வோல்ட், கனரக லாரிகளிலும் பஸ்களிலும் 24 வோல்ட். 12 வோல்ட்டுக்கு மட்டும் செய்த சாதனம் லாரியில் புகைந்துவிடும்.

கடைக்குப் போகும் முன்

* ஸ்டீரியோவில் ரேடியோ போடுங்கள். அது ஒலித்தால் ஸ்பீக்கர்கள் நலம்.
* பிளேயரில் ஹெட்போன் செருகுங்கள். அதில் கேட்டால் பிளேயரும் நலம்.
* ஸ்டீரியோ ஆக்ஸ், யு.எஸ்.பி., ப்ளூடூத் என்று சரியான இடத்தில் நிற்கிறதா என்று பாருங்கள்.
* கேபிளை மாற்றுங்கள். பிறகு அதே கேபிளில் வேறு பிளேயரை இணையுங்கள்.
* சார்ஜ் ஏறவே இல்லையென்றால் சிகரெட் லைட்டரின் ஃப்யூஸைச் சோதியுங்கள். அதே ஆம்பியர் ஃப்யூஸை மட்டுமே போடுங்கள்.
* பாட்டரி வயரைக் கழற்றும் முன் யோசியுங்கள். சில ஸ்டீரியோக்கள் மறுபடி உயிர்பெற ரகசிய எண் கேட்கும்.

இந்தச் சோதனைகளைக் காரை நிறுத்திவிட்டுத்தான் செய்ய வேண்டும். பாட்டைத் தேடும் கண் சாலையில் இருக்காது. 2019ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, ஓட்டும்போது கையில் போன் பிடித்து ஆபத்து விளைவிப்பவருக்கு முதல் முறையே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதமோ, ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம்.

இத்தனைக்குப் பிறகும் மௌனம் நீடித்தால் கடைக்குப் போகலாம். அங்கேயும் டாஷ்போர்டைத் திறந்து கம்பெனி வயரை வெட்டி ஒட்ட அனுமதிக்கக் கூடாது. அந்த மாடலுக்கான கப்ளர் கேட்டு வாங்கிப் பொருத்தச் சொல்ல வேண்டும். சரியாக மூடாத ஒரு வயர் முனை உரசித் தீப்பொறி பறந்தால் போவது பாட்டு மட்டுமல்ல.