றோபோப் போட்டிகளும் அவற்றின் விதிமுறைகளும்



எமது பாடசாலைப் பிள்ளைகள் சிலர், வார நாட்களில் தாம் கற்கும் பிரெஞ்சுமொழிப் பாடசாலைகளின் றோபோக் குழுக்களிற் சேர்ந்து வருகின்றனர். பெற்றோர் அதனைப் பெருமையுடன் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆயினும் போட்டி நாளன்று மண்டபத்துட் புகுந்ததும், புள்ளிகள் எவ்வாறு வழங்கப்படுகின்றன, ஓர் இயந்திரம் ஏன் விலக்கப்பட்டது, யாரிடம் சென்று கேட்பது என்பன பலருக்கும் விளங்குவதில்லை. அவற்றை விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கம். அவற்றுள்ளும் ஒரு விதியைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறவே எழுதப் புகுந்தேன். நடுவரிடம் பேசும் உரிமை யாருக்கு உண்டு என்பதே அவ்விதி.

இப்போட்டிகளுள் பெரிதும் அறியப்பட்டவை 'ஃபேர்ஸ்ட்' என்னும் அமைப்பு நடத்துபவை. அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் டீன் கேமன் 1989இல் இவ்வமைப்பை நிறுவினார். 1992இல் நியூ ஹாம்ப்சயர் மாநிலத்துப் பாடசாலையொன்றின் உடற்பயிற்சி மண்டபத்தில், 28 குழுக்களுடன் முதற்போட்டி நடைபெற்றது. குழுக்கள் சேரும் ஒழுங்கில் அவற்றுக்கு இலக்கம் வழங்கப்படும். எமது அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில் பகுதியிலுள்ள ரெஜினா அசும்ப்தா கல்லூரியின் குழு, 3990 என்ற இலக்கத்துடன் 2012இற் களமிறங்கியது. (கல்லூரி என்று பெயர் கொண்டிருப்பினும் அஃது உயர்நிலைப் பாடசாலையே, யாழ்ப்பாணத்துக் 'கல்லூரி'களை அறிந்தோருக்கு இது புதுமையன்று.) இவையன்றி, கியூபெக்கின் உயர்நிலைப் பாடசாலைகளும் சேஜெப் கல்லூரிகளும் பங்குகொள்ளும் 'சீ.ஆர்.சி.' என்ற போட்டியும் உண்டு. பிரெஞ்சு, ஆங்கிலம் என்னும் இரு மொழிகளிலும் நடைபெறும் அப்போட்டியில் இயந்திரத்துக்கு மட்டுமன்றி, குழு ஆக்கும் இணையத்தளம், காணொளி, காட்சிக்கூடம் ஆகியவற்றுக்கும் மதிப்பீடு உண்டு.

ஃபேர்ஸ்ட் அமைப்பின் பெரிய போட்டியில் ஒவ்வோர் ஆண்டும் சனவரி மாதத்தில் புதிய விளையாட்டொன்று அறிவிக்கப்படும். அத்துடன் நூறு பக்கங்களுக்கு மேற்பட்ட விதிக்கோவையும் வெளியாகும். விதிகள் ஒவ்வொன்றும் எழுத்தும் எண்ணுமாக இலக்கமிடப்பட்டிருக்கும். சென்ற ஆண்டின் விதி இவ்வாண்டுக்குச் செல்லாது. எடுத்துக்காட்டாக, 2024இல் றோபோவின் உச்ச நிறை 125 இறாத்தலாக இருந்தது; 2025இல் அது 115 ஆகக் குறைக்கப்பட்டது. 'அண்ணா சொன்னார்' என்று பழைய அளவை நம்பிய மாணவன், பத்து இறாத்தலைக் கழற்றுவதற்கு இடம் தேட வேண்டியிருக்கும். பருவத்தின் நடுவிலும் திருத்தங்கள் வெளிவரும். அவற்றையும் படித்தாக வேண்டும்.

இக்கோவையில் எமக்கு வியப்பளித்த குறிப்பொன்று உண்டு. இந்நூலின் சொற்கள் எதனைக் கூறுகின்றனவோ அதனை மட்டுமே கூறுகின்றன என்றும், விதியமைத்தோரின் உள்நோக்கத்தை ஊகித்துப் பொருள் கொள்ளலாகாது என்றும் அது அறிவுறுத்துகிறது. நன்னூல் கூறும் 32 உத்திகளுள் 'உய்த்துணர வைப்பு' என்பதும் ஒன்று. சொல்லாததையும் வாசிப்பவன் தானே உணர்ந்து கொள்ளுமாறு நூல் செய்வது அது. உரையாசிரியர்கள் வழிவந்த எமக்கு அதுவே வாசிப்பின் சிறப்பு. றோபோப் போட்டியிலோ அவ்வாறு வாசித்தவர் தோற்பார்!

போட்டி நாளன்று முதற் கட்டம் பரிசோதனை. நிறையும் அளவும் பார்க்கப்படும். சுற்றிவரக் கட்டப்படும் மெத்தை போன்ற மோதுதடுப்பு ஒழுங்காக உள்ளதா, 12 வோல்ற் பற்றரி இறுகப் பிணைக்கப்பட்டுள்ளதா, மின்கம்பிகள் உரிய பருமனுடையனவா என்றெல்லாம் நோக்குவர். காற்றமுக்கத்தால் இயங்கும் பகுதிகள் இருப்பின், சேமிப்புத் தாங்கியில் சதுர அங்குலத்துக்கு 120 இறாத்தலுக்கும், வேலை செய்யும் பகுதியில் 60 இறாத்தலுக்கும் மேற்படலாகாது. இவற்றில் தேறாத இயந்திரம் போட்டியாட்டத்தில் இறங்க முடியாது. பரிசோதகர்கள் பகைவரல்லர், குறையைச் சுட்டியபின் அதனை நிவர்த்திக்க உதவுபவரும் அவர்களே. குழுக்கள் வேலை செய்யும் கூடத்தினுள் நுழைவோர் அனைவரும் பாதுகாப்புக் கண்ணாடி அணிய வேண்டும். பேரனைப் பார்க்க அம்மம்மா வந்தாலும் விதிவிலக்கில்லை. செருப்பும் ஆகாது, விரல்களை மூடும் சப்பாத்து வேண்டும்.

அடுத்தது ஆட்டம். மூன்று குழுக்கள் ஓர் அணியாக, மற்றைய மூன்றை எதிர்த்து ஆடும். 2025ஆம் ஆண்டின் விளையாட்டில் ஓர் ஆட்டம் 2 நிமிடம் 30 செக்கன். முதல் 15 செக்கன்களில் இயந்திரம் தனக்கு எழுதப்பட்ட கட்டளைகளின்படி தானே இயங்க வேண்டும்; பின்னரே மாணவர் இயக்குப்பிடிகளைக் கையிலெடுப்பர். ஆடுகளத்தோரம் ஆலோசகராகப் பெரியவர் ஒருவர் நிற்கலாம். அவர் இயக்குப்பிடிகளைத் தொடலாகாது. குற்றமிழைத்தால் எதிரணிக்குப் புள்ளி சேரும். கடுங்குற்றத்துக்கு மஞ்சள் அட்டை. இரண்டாவது மஞ்சள் அட்டை சிவப்பாகும். சிவப்பு அட்டை பெற்ற குழு அவ்வாட்டத்தை இழக்கும். ஆடுகளத்தின் சாதனங்கள் பழுதுற்று ஆட்டத்தைப் பாதித்தால் மீளாட்டம் கிடைக்கலாம். உமது றோபோவின் கம்பி கழன்றால் கிடைக்காது.

இனி, நாம் முற்கூறிய விதிக்கு வருவோம். தீர்ப்பொன்றில் ஐயமிருப்பின் அதனைக் கேட்பதற்கென ஆடுகளத்தருகே நிலத்தில் ஓரிடம் குறிக்கப்பட்டிருக்கும். அதனை வினாக் கட்டம் எனலாம். குழுவிலிருந்து ஒரேயொரு மாணவர் அக்கட்டத்துட் சென்று நிற்க வேண்டும். தலைமை நடுவர் அவரிடம் வருவார். மாணவர் தம் வினாவை விதியிலக்கத்துடன் எடுத்துரைப்பார். நடுவர் தாம் கண்டதையும் தம் தீர்ப்பின் காரணத்தையும் கூறுவார். அவ்வளவே. ஆசிரியருக்கோ பொறியியலாளரான வழிகாட்டிக்கோ பெற்றோருக்கோ அங்கு இடமில்லை. கைத்தொலைபேசியிற் பதிவு செய்த காணொளியைக் காட்டினாலும் நடுவர் பார்க்கமாட்டார். அதனையும் விதியே தடுக்கிறது.

பெற்றோர் சிலர் இதனை நீதியற்றதென்று கருதக்கூடும். எமது ஊர்களின் இல்ல மெய்வல்லுநர் போட்டிகளை எண்ணிப் பாருங்கள். அஞ்சலோட்டத்தில் கோல் கைமாறிய இடம் பற்றிப் பிணக்கு ஏற்பட்டால், இல்லப் பொறுப்பாசிரியர்கள் நடுவரைச் சூழ்ந்துகொள்வோம். ஓடிய பிள்ளை மூச்சு வாங்கியபடி ஓரமாக நிற்கும். அப்பிள்ளைக்கு நடந்தது நம் எல்லோரிலும் நன்றாகத் தெரியும். ஆயினும் அதனை எவரும் கேட்பதில்லை. இங்கு பனிக்கட்டி ஹொக்கி அரங்குகளிலும் பெற்றோர் நடுவரை நோக்கிக் கூச்சலிடுவதைக் காண்கிறோம். வினாக் கட்டமோ பேசும் கடமையை ஆடியவரிடமே ஒப்படைக்கிறது.

புலம்பெயர்ந்த எமக்கு இதில் வேறொரு கனதியும் உண்டு. விசாரணை மேசையின் முன் அமர்ந்து, தன் வாழ்க்கையை வேறொருவர் வாயால் மொழிபெயர்த்துச் சொல்லக் கேட்டவர் எம்மிற் பலர். காரணம் கேட்டால் தீங்கு விளையுமோ என்று அஞ்சி, அளித்த தீர்ப்பைப் பேசாமல் ஏற்றவரும் உளர். எமது பிள்ளைகளோ பத்து வயதிலேயே அரசாங்க அலுவலகங்களில் எமக்காகப் பேசுகின்றனர். தமக்காக அவர்கள் பேசுவது அரிது. பதினைந்து வயது மாணவி ஒருத்தி, வரிச்சட்டை அணிந்த நடுவரை நிமிர்ந்து நோக்கி, 'இத்தீர்ப்பு எந்த விதியின்படி?' என்று தணிந்த குரலிற் கேட்பதும், அவர் குனிந்து விடை கூறுவதும் இப்போட்டிகளிற் காணக்கூடிய காட்சி. பெரும்பாலும் தீர்ப்பு மாறுவதில்லை. காரணம் அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. அடுத்த ஆட்டத்துக்கு அது போதும்.

சிறு வயதினருக்கான லெகோப் போட்டியிலும் இவ்வியல்பு உண்டு. 2024–25 பருவத்தின் விதிப்படி றோபோ மேசையில் தானாகவே இயங்க வேண்டும். தொடக்க இடத்துக்கு வெளியே அதனைக் கையால் தொட்டால், ஆறு வில்லைகளில் ஒன்றை நடுவர் எடுத்துக்கொள்வார். ஆறும் எஞ்சினால் 50 புள்ளி. ஐந்து எஞ்சினாலும் 50. நான்காகக் குறைந்தால் 35. ஆகவே முதற்தடவை தொடுவதால் நட்டமில்லை. இதைக் கணக்கிட்டறிந்த பிள்ளை பதற்றமின்றித் தொடும். விதியைப் படியாத பிள்ளை சுவரில் முட்டிநிற்கும் இயந்திரத்தைப் பார்த்து ஏங்கும். ஆட்டம் முடிந்ததும் நடுவரும் பிள்ளைகளும் சேர்ந்தே புள்ளிகளை எண்ணுவர்.

பெரிய போட்டியின் இறுதிக் கட்டத்துக்கு முன் அணித்தெரிவு நடைபெறும். முன்னிலையிலுள்ள எட்டுக் குழுக்களின் தலைவர்கள் ஏனைய குழுக்களைத் தம்முடன் சேருமாறு களத்தில் வைத்தே அழைப்பர். அழைப்பை மறுத்த குழுவை வேறெவரும் அழைக்க முடியாது. எனவே காலையில் உம்மை வென்ற குழு மாலையில் உமக்குத் துணையாகலாம். எதிரணியின் பற்றரி பழுதானால் உம்முடையதைக் கொடுத்துதவுவது இங்கு வழக்கம்.

2017இல் வாசிங்டனில் நடைபெற்ற 'ஃபேர்ஸ்ட் குளோபல்' போட்டி நாட்டுக்கு ஒரு குழு என்ற அமைப்புடையது. அங்கு லெபனானில் வாழ்ந்த சிரிய அகதி மாணவர் 'நம்பிக்கை' என்ற பெயருடன் தனிக் குழுவாக ஆடினர். விசா இருமுறை மறுக்கப்பட்ட ஆப்கானியச் சிறுமியர் குழுவும் பின்னர் அனுமதி பெற்று வந்து சேர்ந்தது.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். போட்டிக்கு வருமுன் பிள்ளையை இருத்தி, விதிக்கோவையின் ஐந்து விதிகளைத் தமிழில் விளக்கச் சொல்லுங்கள். வரும் தவணையில் மேல்வகுப்பு மாணவருடன் இதனையே மொழிபெயர்ப்புப் பயிற்சியாகச் செய்ய எண்ணியுள்ளேன். மோதுதடுப்பு, இயக்குப்பிடி, வினாக் கட்டம் என்று இங்கு யான் எழுதியவை முதல் முயற்சிகளே. இவற்றினும் பொருத்தமான சொல் தோன்றும் மாணவர் அதனை எழுதி, சனிக்கிழமை வகுப்புக்குக் கொண்டுவரலாம்.