குறைமாதக் குழந்தைக்கு வலிமருந்து: பெற்றோர் எதைக் கேட்கலாம்?

"மார்ஃபின் போட்டார்களாமே, மூளை வளர்ச்சியைப் பாதிக்காதா?" குறைமாதக் குழந்தையை என்.ஐ.சி.யூ. எனப்படும் பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் விட்டுவிட்டு வெளியே காத்திருக்கும் பெற்றோருக்கு வரும் அச்சம் இது. நியாயமான கேள்விதான். வலியை அப்படியே விட்டால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

1980-களின் நடுப்பகுதி வரை, பச்சிளம் குழந்தைக்கு வலி தெரியாது என்று நம்பி, உடல் அசையாமலிருக்க மட்டும் மருந்து கொடுத்து அறுவை சிகிச்சை செய்தவர்கள் உண்டு. ஆக்ஸ்ஃபோர்டில் ஆய்வு செய்த இந்திய மருத்துவர் கே.ஜே.எஸ். ஆனந்த் 1987-இல் அந்த நம்பிக்கையை உடைத்தார். அவருடைய ஆய்வில், ஃபென்டனில் என்ற வலிமருந்தும் சேர்த்துக் கொடுக்கப்பட்ட குறைமாதக் குழந்தைகளுக்கு அறுவைக்குப் பிந்தைய சிக்கல்கள் குறைந்தன. ஊசிகளும் குழாய்களும் தந்த வலி கூடக்கூட, பின்னாளில் மூளை வளர்ச்சி குன்றியிருப்பதையும் கனடாவின் வான்கூவர் ஆய்வாளர்கள் கண்டார்கள்.

அதற்காக எல்லா வலிக்கும் மார்ஃபின் என்றும் ஆகிவிடாது. வென்டிலேட்டரில் இருந்த 898 குழந்தைகளிடம் நடந்து 2004-இல் வெளியான ஆய்வில், தொடர்ந்து மார்ஃபின் ஏற்றியதால் மூளைக்குத் தனிப் பாதுகாப்பு எதுவும் கிடைக்கவில்லை. நெதர்லாந்தில் மார்ஃபின் பெற்ற குழந்தைகளை ஐந்து வயதில் சோதித்தபோது ஒரு தேர்வில் மட்டும் சற்றுப் பின்தங்கினார்கள். எட்டு, ஒன்பது வயதில் அந்தப் பாதிப்பு தென்படவில்லை. கண் பரிசோதனைக்கு முன் வாய்வழி மார்ஃபின் கொடுத்துப் பார்த்த பிரிட்டன் ஆய்வையோ, மூச்சுத்திணறல் காரணமாக 2018-க்கு முன்பே பாதியில் நிறுத்திவிட்டார்கள். மிடசோலம் வேறு கதை. அது தூங்க வைக்கும், வலியைக் குறைக்காது. ஆகவே "வலிக்கு என்ன கொடுத்தீர்கள்?" என்ற கேள்விக்கு மிடசோலம் மட்டும் பதிலாக வந்தால், மறுபடி கேளுங்கள்.

குதிகாலில் குத்தி ரத்தம் எடுக்கும் சின்ன வேலைக்கு மார்ஃபின் தேவையில்லை. குத்துவதற்கு இரண்டு நிமிடம் முன் நாக்கில் சில துளி சுக்ரோஸ் கரைசல், அல்லது தாயின் வெற்று மார்பில் குழந்தையைச் சாய்த்துக்கொள்ளும் கங்காரு முறை, இயலுமானால் தாய்ப்பால். தாய் உள்ளே வரலாமா என்று தயங்காமல் கேட்கலாம். வீட்டுப் பெரியவர்கள் நாக்கில் வைக்கும் இனிப்புச் சேனையை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். சுக்ரோஸையும் அளவு பார்த்து மருத்துவமனைதான் தர வேண்டும்.

எந்த மருந்து, எதற்காக, எத்தனை நாள் என்று புரியும் மொழியில் விளக்கம் பெறுவது உங்கள் உரிமை. எழுத்துமூலம் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் சிகிச்சைப் பதிவுகளைத் தர வேண்டும் என்கிறது மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நடத்தை விதி. டிஸ்சார்ஜ் சம்மரியில் பெரும்பாலும் வலிமருந்து விவரம் இருக்காது. கேஸ் ஷீட் நகலையே கேளுங்கள்.

வீடு திரும்பிய பின், இரண்டு மாதம் முன்னதாகப் பிறந்த குழந்தையை எட்டு மாதம் நிறையும்போது ஆறு மாதக் குழந்தையாகக் கணக்கிட்டே வளர்ச்சி பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தும் தாமதம் தெரிந்தால், மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு சேவை மையத்தில் இலவசமாகப் பரிசோதனையும் பயிற்சியும் கிடைக்கும். பள்ளி சேர்ந்த பின் தெரியும் கவனக்குறைவுக்கும் அங்கே போகலாம்.

தாமதம் இருப்பதாலேயே மருத்துவரின் அலட்சியம் என்று சட்டம் எடுத்துக்கொள்ளாது. கட்டணம் வாங்கிச் சிகிச்சை தந்த மருத்துவமனைமீது நுகர்வோர் ஆணையத்துக்குப் போக, வழக்குக்கான காரணம் எழுந்ததிலிருந்து இரண்டு ஆண்டுகள் கெடு. அதற்கும் அந்த கேஸ் ஷீட்தான் முதலில் வேண்டும்.