நண்பகல் நிழலும் நாகப்பட்டினக் கப்பலும்

மதுரை, ராமநாதபுரம் சீமையிலிருந்து மலாயாவுக்குப் பிழைக்கப் போனவர்கள் பலர் ஏறிய கப்பல் ‘ரஜூலா’. பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனிக்காக கிளாஸ்கோவின் பார்க்ளே கர்ல் தளத்தில் 1926இல் கட்டப்பட்டது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1973 வரை ஓடியது. தளப் பயணிகளுக்குப் பாய் விரித்த இடம்தான் வீடு. வானத்தையும் தண்ணீரையும் பார்த்தபடி நாட்கள் கழியும்.

அதே கம்பெனிக்கு அதே தளத்தில் 1952இல் பிறந்த இன்னொரு கப்பல் ‘உகாண்டா’. 1968 முதல் 1982 வரை அது மிதக்கும் பள்ளிக்கூடம். தொள்ளாயிரத்துச் சொச்சம் பிரிட்டிஷ் மாணவர்கள், அடுக்குக் கட்டில் போட்ட கூடங்களில் தங்கி, மத்தியதரைக் கடலையும் ஸ்காண்டிநேவியாவையும் சுற்றி வந்தார்கள். துறைமுக நாளில் ஊர் பார்ப்பார்கள். கரை தெரியாத நாளில்தான் மூச்சுவிட நேரமிருக்காது. வகுப்பு, அடுத்து வரும் ஊரைப் பற்றி அரங்கில் சொற்பொழிவு, தனிப்படிப்பு, தளத்தில் விளையாட்டு என்று குழுக்கள் முறை மாறிப் போய்க்கொண்டே இருக்கும். ஒரே கம்பெனி, ஒரே கடல்தொழில். நம் ஆட்களுக்குப் பாய், அவர்கள் பிள்ளைகளுக்குப் பாடம். எனக்கு இது ஆறவில்லை.

கடல் நாளின் தலையாய பாடம் நண்பகலில் இருக்கிறது. சூரியன் உச்சிக்கு வரும்போது அதன் உயரத்தை அளந்தால், கப்பல் எந்த அட்சரேகையில் நிற்கிறது என்று தெரிந்துவிடும். எங்கள் மதுரை மாவட்டக் கொட்டாம்பட்டிப் பள்ளி மைதானத்திலேயே இதைத் தொடங்கலாம். செப்டம்பர் 23 வாக்கில் சூரியன் பூமத்தியரேகைக்கு நேர் மேலே இருக்கும். ஒரு மீட்டர் கம்பை நட்டு, பகல் பன்னிரண்டைத் தாண்டிப் பத்து நிமிடம்போல, நிழல் மிகக் குறுகும் கணத்தில் அளந்தால் சுமார் 18 செ.மீ. வரும். கணக்குப் போட்டால் 10 டிகிரிச் சொச்சம், ஊரின் அட்சரேகை அதுதான். அதே நாளில் சென்னையில் 23 செ.மீ., பினாங்கில் ஒன்பதரை, சிங்கப்பூரில் இரண்டு செ.மீ.க்குச் சற்று மேல். ரஜூலா தெற்கே போகப் போக நிழல் சுருங்கியிருக்கும். சொல்லித்தரத்தான் ஆளில்லை.

ஆடும் கப்பலில் கம்பு நேராக நிற்காது. அதனால் மாலுமிகள் செக்ஸ்டன்ட்டை எடுத்து, அடிவானத்திலிருந்து சூரியன் எத்தனை டிகிரி உயரத்தில் இருக்கிறது என்று அளப்பார்கள். கண்ணாடி வழியே சூரியனை இறக்கி, தண்ணீர்க் கோட்டின்மேல் உட்கார வைக்கும் வித்தை அது. கருப்புக் கண்ணாடி வடிகட்டி அவசியம்.

நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2024 ஆகஸ்டில் ஓடத் தொடங்கிய கப்பலுக்குப் பெயர் ‘சிவகங்கை’, நம் பக்கத்து மாவட்டம். ஓட்டம் இல்லாத நாளொன்றில் அதை நம் பிள்ளைகளின் கடல் பாடத்துக்குப் பள்ளிக்கல்வித் துறை வாடகைக்கு எடுக்கலாம். எதிர்க்கரை வரை போக வேண்டாம், நம் கரை மறையும் தூரம் போதும். முதல் ஒரு மணி நேரம் சில பிள்ளைகளுக்குக் குமட்டும். அவர்களைக் கீழே அடைக்காமல் தளத்தில் நிறுத்தி, அடிவானத்தைப் பார்க்கச் சொல்ல வேண்டும். காலையில் உயிர்காப்புச் சட்டைப் பயிற்சி, பிறகு வாளியில் கடல்நீர் மொண்டு உப்பும் வெப்பமும் அளப்பது, நண்பகலில் செக்ஸ்டன்ட். அதே வேளையில் கொட்டாம்பட்டி மைதானத்தில் இன்னொரு வகுப்பு கம்பு நட்டுக் காத்திருக்கட்டும். கப்பலில் உச்சிப்பொழுது ஆறேழு நிமிடம் முந்திவிடும். ஏன் என்று இரண்டு வகுப்பும் போனில் பேசிக் கண்டுபிடிக்கட்டும்.