பழைய வேகக்காருக்குப் புது ஷாக் மாற்றுகிறீர்களா? பில்லையும் பெட்டியையும் பத்திரப்படுத்துங்கள்

1998-இல் திருவள்ளூர் ஆலையிலிருந்து வந்த மிட்சுபிஷி லான்சர், 1999-இல் மறைமலைநகரில் தயாராகி 'ஜோஷ் மெஷின்' என்று விளம்பரமான ஃபோர்டு ஐகான், பின்னால் வந்த ஹோண்டா சிட்டி விடெக், ஃபியட் பேலியோ 1.6, ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் என்று ஓட்டும் சுகத்துக்காகவே வாங்கப்பட்ட கார்கள் பல. திருப்பூர், அவிநாசி, பல்லடம் பக்கம் இவற்றை இன்னும் ஆசையாகப் பராமரிப்பவர்கள் உண்டு. அதில் சட்டச் சிக்கலும் இல்லை. டெல்லியில் இருப்பது போன்ற வயதுத் தடை தமிழ்நாட்டில் கிடையாது. 15 ஆண்டு முடிந்ததும் ஆர்டிஓ அலுவலகத்தில் வண்டியைக் காட்டி, ஐந்தைந்து ஆண்டாகப் பதிவைப் புதுப்பித்துக்கொள்ளலாம்.

இன்ஜினுக்கு ஆயில் மாற்றுகிறோம், புது டயர் போடுகிறோம். ஷாக் அப்சார்பரை மட்டும் சத்தம் வரும்வரை யாரும் கவனிப்பதில்லை. சத்தம் வந்த பிறகு, "லோக்கல் போட்டுக்கலாங்க, பாதி விலைதான்" என்ற ஒரே வார்த்தையில் வேலை முடிந்துவிடுகிறது. பில் இல்லை, பெட்டி இல்லை, பார்ட் நம்பர் இல்லை. உயிரோடு விளையாடும் இடம் இதுதான்.

ஷாக் போனால் பிரேக்கும் போகும்

காரின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். அது ஆடிக்கொண்டே இருக்காமல் அடக்குவது ஷாக். உள்ளே ஒரு பிஸ்டன் ஆயிலைச் சின்னச் சின்ன வால்வுகள் வழியே தள்ளுகிறது. ஆட்டத்தின் ஆற்றல் சூடாக மாறி வெளியேறுகிறது. ஆயில் கசிந்தாலோ வால்வு தேய்ந்தாலோ, மேடு பள்ளத்தில் டயர் ரோட்டை விட்டு எழும்பி எழும்பி விழும். எழும்பிய டயரில் பிரேக்கும் பிடிக்காது, திருப்பத்தில் பிடிமானமும் இருக்காது. ஏபிஎஸ் உள்ள காரும் இதற்கு விதிவிலக்கல்ல.

முன்சக்கரத்தில் இருக்கும் ஸ்ட்ரட்டுக்கு இன்னும் பெரிய பொறுப்பு. அது ஷாக் மட்டுமல்ல. சக்கரத்தை நிமிர்த்திப் பிடிக்கும் தூணும் அதுதான். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ஸ்ட்ரட்டும் சேர்ந்து திரும்புகிறது. தரமில்லாத ஸ்ட்ரட்டின் வெல்டிங் விட்டுப்போனால் சக்கரமே சாய்ந்துவிடும்.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள் சில. ஷாக்கின் உடம்பில் ஈரமாக ஆயில் வழிந்து தூசி அப்பியிருப்பது, டயரில் விட்டு விட்டுக் குழிகுழியாகத் தேய்மானம், பிரேக் அடித்தால் மூக்கு குத்துவது, கோவை–சேலம் நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போது வண்டி மிதப்பது. பானட்டை அழுத்தி விட்டுப் பார்க்கும் சோதனை, முழுக்கச் செத்த ஷாக்கை மட்டுமே காட்டிக்கொடுக்கும்; பாதி தேய்ந்தது தப்பித்துவிடும். 80,000 கிலோமீட்டர் தாண்டினால் கழற்றிச் சோதியுங்கள் என்று தயாரிப்பாளர்கள் சொல்வதுண்டு. திருப்பூர் காதர்பேட்டையில் எடுத்த துணி பண்டல்களைப் பின்சீட்டிலும் டிக்கியிலும் அடுக்கிக்கொண்டு, தோண்டிப் போட்ட தெருக்களில் ஓடும் காருக்கு அந்தக் கணக்கையும் நம்ப முடியாது.

எதை வாங்குவது?

அன்றாட ஓட்டத்துக்குக் கம்பெனி ஃபிட்டிங்குக்கு இணையான ஷாக்கே போதும். ஓசூரிலும் ஆலை வைத்திருக்கும் கேப்ரியல், டென்னகோவின் மன்ரோ, ஜப்பானின் கேஒய்பி ஆகியவை இந்த வகையில் பரிச்சயமான பெயர்கள். ஃபோர்டு, ஃபியட் போல இந்தியாவில் கார் விற்பனையை நிறுத்திய கம்பெனிகளின் வண்டி என்றால், உங்கள் மாடலுக்கும் ஆண்டுக்கும் உரிய பார்ட் நம்பரை முதலில் எழுதி வைத்துக்கொண்டு தேடுங்கள். "இது செட் ஆயிடுங்க" என்று வேறு மாடல் ஷாக்கை மாட்ட விடாதீர்கள். நீளம் பொருந்தினாலும் உள்ளே வால்வின் கணக்கு வேறு.

ஓட்டத்தில் இன்னும் இறுக்கம் வேண்டுமென்றால், உயரத்தை மாற்றாத ஸ்போர்ட்ஸ் ஷாக் அடுத்த படி. பில்ஸ்டைனில் பி4 சாதாரண மாற்று. பி6 அதே உயரத்தில் கூடுதல் இறுக்கம். பி8 தாழ்த்திய ஸ்பிரிங்குக்கானது. கோனியின் மஞ்சள் நிற ஷாக்கில் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கலாம். பழைய ஸ்பிரிங்கோடு பி8 வாங்குவதும், தாழ்த்திய ஸ்பிரிங்கோடு தேய்ந்த பழைய ஷாக்கை ஓட்டுவதும் காசுக்குப் பிடித்த கேடு. செட்டிபாளையத்துக் கரி மோட்டார் ஸ்பீட்வேயின் வழவழப்பான தளத்துக்குப் பொருந்தும், உயரத்தைத் தாழ்த்தும் காயில்ஓவர் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த செட்), ஊத்துக்குளி ரோட்டு வேகத்தடையில் வண்டியின் அடிவயிற்றைக் கிழித்துவிடும்.

ஆயில் மாற்றி வெல்டு அடித்த 'ரீகண்டிஷன்' ஷாக்கும், சென்னை புதுப்பேட்டை மாதிரியான சந்தைகளில் கிடைக்கும் கழற்றிய ஷாக்கும் வேண்டவே வேண்டாம். கதவும் கண்ணாடியும் அங்கே வாங்கலாம். ஆயிலும் சீலும் உள்ள பொருளின் மிச்ச ஆயுளை வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது.

ஷாக்கை எப்போதும் ஜோடியாக மாற்றுங்கள். டாப் மவுண்ட், அதன் பேரிங், பம்ப் ஸ்டாப்பர், தூசி உறை ஆகியவற்றையும் அதே கையோடு மாற்றுவது லாபம். பழைய மவுண்ட் சத்தத்துக்காக இரண்டாவது முறை கூலி கொடுக்க வேண்டாம். ஸ்ட்ரட்டைக் கழற்றினால் வீல் அலைன்மென்ட் கட்டாயம்.

மாட்டும் நேரத்தில் பக்கத்தில் நில்லுங்கள். இரட்டைக் குழாய் ஷாக்கை நிமிர்த்திப் பிடித்து நான்கைந்து முறை அழுத்தி இழுத்து, உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். பளபளக்கும் குரோம் ராடை பிளையரால் கடிக்கவே கூடாது. ஒரு கீறல் போதும், அது சீலை அறுத்து சில வாரத்தில் ஆயில் கசியும். ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளுக்குக் கடைசி இறுக்கம், வண்டி தரையில் தன் எடையோடு நிற்கும்போது கொடுக்கப்பட வேண்டும். ஸ்ட்ரட்டின் ஸ்பிரிங்கைச் சரியான கம்ப்ரசர் இல்லாமல் கம்பியால் கட்டி அமுக்கும் பட்டறையிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். அந்த ஸ்பிரிங் தெறித்தால் அடிபடுவது பெரும்பாலும் அங்கே வேலை பழகும் பையன்தான்.

உங்கள் கையில் இருக்கும் சட்டம்

ஜிஎஸ்எம், சாயம், சுருக்கம் எல்லாம் சோதித்து ரிப்போர்ட் வராமல் ஒரு லாட் துணியைக் கூட வாங்காத ஊர் திருப்பூர். அதே கண்டிப்பை ஸ்பேர் கடையிலும் காட்டுங்கள்.

பெட்டியைப் பாருங்கள். பொட்டலப் பொருட்களுக்கான 2011-ஆம் ஆண்டு எடையளவு விதிகளின்படி தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, தயாரித்த மாதம், ஆண்டு, வரி உட்பட அதிகபட்ச விலை, நுகர்வோர் தொடர்பு விவரம் அச்சாகியிருக்க வேண்டும். வெளிநாட்டுப் பொருளில் அது எந்த நாட்டில் தயாரானது என்பதும் இருக்க வேண்டும். அச்சிட்ட விலைக்கு மேல் விற்பது விதிமீறல். பெட்டியில் உள்ள பார்ட் நம்பரும் ஷாக்கின் மேல் பதித்த நம்பரும் ஒன்றுதானா என்று ஒப்பிடுங்கள்.

பில்லைக் கேளுங்கள். 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பில் தர மறுப்பதையே முறையற்ற வணிகம் என்கிறது. குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன கெடுவுக்குள்ளும், கெடு ஏதும் இல்லாவிட்டால் 30 நாளுக்குள்ளும் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதும் அப்படியே. பில்லில் பிராண்ட், பார்ட் நம்பர், வாரண்டி காலம், 33 என்று தொடங்கும் தமிழ்நாட்டு ஜிஎஸ்டி எண் இருக்கட்டும். 2025 செப்டம்பர் 22 முதல் கார் உதிரி பாகங்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். பழைய 28 சதவீதத்தைக் கேட்டால் தர வேண்டாம்.

'கம்பெனி சர்வீஸ் சென்டரைத் தவிர எங்கும் ஒரிஜினல் கிடைக்காது' என்ற நிலைக்கு எதிராக 2014 ஆகஸ்ட் 25-இல் இந்தியப் போட்டி ஆணையம் தீர்ப்பளித்தது. உதிரி பாகங்களை வெளிச்சந்தைக்கு விடாததற்காக 14 கார் நிறுவனங்களுக்கு 2,544.65 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வழக்கு மேல்முறையீடுகளுக்குப் போனாலும், வண்டியைத் தனிப் பட்டறையில் பழுதுபார்க்கும் நம் உரிமையைப் பேசுபொருளாக்கியது அந்த உத்தரவு.

தயாரித்தவர் யாரென்றே தெரியாத பொருளால் ஒருவருக்குக் காயமோ உயிரிழப்போ ஏற்பட்டால், விற்றவரையே பொறுப்பாக்குகிறது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 86-ஆவது பிரிவு. போலிப் பொருளால் கொடுங்காயம் ஏற்பட்டால் 7 ஆண்டு வரை சிறையும், உயிர் போனால் ஆயுள் தண்டனை வரையும் உண்டு என்கிறது 91-ஆவது பிரிவு.

நம் பக்கமும் ஒரு கடமை இருக்கிறது. பதிவுச் சான்றில் உள்ள விவரத்தோடு முரண்படும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு. மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ 6 மாதம் வரை சிறையோ கிடைக்கலாம். ஒரே அளவில் ஷாக் மாற்றுவது பராமரிப்பு. உயரத்தைக் குறைப்பதற்கு முன் ஆர்டிஓவிடமும் இன்சூரன்ஸ் நிறுவனத்திடமும் எழுத்தில் கேட்டுவிடுங்கள். சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டி விபத்து இழப்பீட்டை மறுக்க இடம் கொடுக்காதீர்கள்.

ஏமாந்துவிட்டால்

முதல் வேலை, கெட்டுப்போன ஷாக்கைப் பட்டறையில் விட்டுவிடாமல் வாங்கி வைப்பது. அதுதான் சாட்சி. பதித்த எண், கசிவு, டயர் தேய்மானம் எல்லாவற்றையும் தேதியோடு படம் எடுங்கள். வேறொரு பட்டறையில் எழுத்து மூலம் கருத்து வாங்குங்கள்.

அடுத்து, கடைக்கும் தயாரிப்பாளருக்கும் எழுத்தில் புகார். ஆன்லைனில் வாங்கியிருந்தால் அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதி. வெளிநாட்டுத் தளத்தில் நேரடியாக வரவழைத்தால் இந்தப் பிடி தளர்ந்துவிடும்; இங்கே இறக்குமதியாளர் உள்ள பொருளையே வாங்குங்கள்.

பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதுவும் பலிக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கோவையிலோ சென்னையிலோ வாங்கியிருந்தாலும், நீங்கள் திருப்பூரில் வசித்தால் திருப்பூரிலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணமே இல்லை. வக்கீல் கட்டாயமில்லை, இணையம் வழியாகவும் தாக்கல் செய்யலாம், கெடு 2 ஆண்டு. ஆணையமே அந்த ஷாக்கை ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லலாம். அப்படிச் சோதனை தேவைப்படும் வழக்கை 5 மாதத்திலும், தேவைப்படாததை 3 மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம்; நடைமுறையில் கூடுதலாகலாம்.

பனியன் கம்பெனி பெயரில் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சந்தேகம் வரும்: "இது வணிக உபயோகம், நீங்கள் நுகர்வோரே இல்லை" என்று எதிர்த்தரப்பு வாதாடுமே? 2024 ஜூலை 9-இல் டெய்ம்லர் கிரைஸ்லர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு விடை சொன்னது. இயக்குநரின் சொந்த உபயோகத்துக்காக நிறுவனம் வாங்கிய கார், அதனாலேயே வணிகப் பொருள் ஆகிவிடாது. ஆனால் சரக்கு ஏற்றி இறக்கவே ஓடும் வண்டிக்கு இந்த வாதம் நிற்காது. அப்போது உரிமையியல் நீதிமன்றம்தான் வழி.

ஒரு ஜோடி ஷாக்கில் மிச்சமாகும் சில ஆயிரம் ரூபாய்க்காக, காரில் உட்காரும் குடும்பத்தைப் பணயம் வைக்காதீர்கள். அடுத்த முறை மெக்கானிக் விலை சொல்லும்போது பார்ட் நம்பரைக் கேளுங்கள், பெட்டியைக் காட்டச் சொல்லுங்கள், பில் வாங்குங்கள், பழைய ஷாக்கையும் கேட்டு வாங்குங்கள். நேர்மையாகத் தொழில் செய்யும் கடைக்காரருக்கும் மெக்கானிக்குக்கும் இந்தக் கேள்விகளால் நஷ்டமில்லை. நாம் எல்லோரும் கேட்க ஆரம்பித்தால், நம் ஊரில் போலி சரக்கை வாங்க ஆள் இருக்காது.