மனம் சோர்ந்தால் உடம்பும் படுக்கும்

காலையில் கடை திறக்கும்போதே கை கால் அசதி. மதியம் தலைவலி. சாப்பாடு இறங்குவதில்லை. இரவு மூன்று மணிக்கே விழிப்பு வந்து, பாக்கிக்காரர்கள் முகம் ஒவ்வொன்றாகக் கண்முன் நிற்கிறது. டாக்டரிடம் போனால் ஈ.சி.ஜி. சரி, ஸ்கேன் சரி என்கிறார். வலி மட்டும் போகவில்லை. நம் வணிகர்களில் எத்தனை பேருக்கு இந்த அனுபவம்!

வேலைப்பளு, வாய்வு, வயது என்று இதை நாம் தள்ளிவிடுகிறோம். இது மனச்சோர்வு நோயாகவும் இருக்கலாம் என்பது நமக்குத் தோன்றுவதே இல்லை.

மனதில் உள்ள நோய் முதுகில் வலிக்குமா? வலிக்கும். மூளையில் மனநிலையைச் சீராக வைக்க உதவும் செரட்டோனின் போன்ற இரசாயனங்களுக்கு வலியைக் கட்டுப்படுத்துவதிலும் பங்கு உண்டு. அவை தடுமாறினால் சிறு வலியும் பெரிதாகும். கவலை நீடித்தால் கார்ட்டிசால் என்ற சுரப்புநீர் கூடி, தூக்கத்தையும் இரத்தச் சர்க்கரையையும் பாதிக்கும். சர்க்கரை, இருதய நோய் உள்ளவர்களுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு அதிகம். அது வந்துவிட்டால் அந்த நோய்களும் கட்டுக்கு அடங்குவதில்லை.

ஒரு லோடு வெங்காயம் அழுகினால் வருத்தம் வரத்தான் செய்யும். நாலு நாளில் அது ஆறிவிடும். ஆனால் பெரும்பாலான நாட்களில் சோர்வு, எதிலும் நாட்டமின்மை, தூக்கக் கேடு, பசியின்மை என்று இரண்டு வாரம் தொடர்ந்தால் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். தைராய்டு குறைவும் இரத்தசோகையும் இதே போல அசதி தரும். அதையும் சோதித்துக்கொள்வது நல்லது.

"மனநல டாக்டரிடம் போனால் ஊர் என்ன சொல்லும்?" என்ற தயக்கம் வேண்டாம். நம் புதுக்கோட்டை இதில் ஒரு முன்னோடி மாவட்டம். 1984-இல் டாக்டர் சாரதா மேனன் நிறுவிய சென்னை 'ஸ்கார்ஃப்' நிறுவனம், 2010-இல் இங்கே தொலைமருத்துவப் பேருந்து ஒன்றைக் கொண்டுவந்தது. கிராமத்தில் நின்ற பேருந்துக்குள் அமர்ந்தபடியே மக்கள் சென்னை மனநல மருத்துவருடன் திரையில் பேசினார்கள். மருந்தும் அங்கேயே கிடைத்தது.

2017-இல் நம் ஊருக்கு அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனையில் சிகிச்சை பெறலாம். கடையை விட்டு நகர முடியாதவர்கள் 14416 என்ற இலவச எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம்.

மருந்து கொடுத்தால், அது வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். நாலு நாள் பார்த்துவிட்டு நிறுத்தக் கூடாது. குணம் தெரிந்தாலும் டாக்டரைக் கேட்காமல் விடக் கூடாது. இவை பழக்கத்துக்கு அடிமையாக்கும் மாத்திரைகள் அல்ல. மனம் விட்டுப் பேசும் ஆலோசனையும், தினசரி அரைமணி நடையும் நல்ல துணை. வலியை மறக்க மதுவை நாடுவது நோயை வளர்க்கும்.

நம் சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். பக்கத்துக் கடைக்காரர் இரண்டு நாள் ஷட்டர் திறக்கவில்லை என்றால், பாக்கி கேட்கப் போகாமல் நலம் கேட்கப் போவோம். "இருந்து என்ன பயன்" என்று அவர் பேசினால் அலட்சியம் வேண்டாம். அவரைத் தனியே விடாமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வோம். போன சரக்கை மீண்டும் வாங்கிவிடலாம். போன ஆளை வாங்க முடியாது.