மதர்போர்டு போச்சா? அவசரப்படாதீங்க! 220 ரூபாயில் ஒழிந்தது "கொர்ர்" சத்தம்

செங்கல்பட்டு—

"ஹலோ... கேக்குதா? ஹலோ... ஹலோ...!"

மாமல்லபுரத்தில் சிற்பக் கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர், கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து தொண்டை வறளக் கத்தினார். மறுமுனையில் சிங்கப்பூர் வாடிக்கையாளர். படம் பளிச்சென்று தெரிந்தது. குரல் மட்டும் போய்ச் சேரவில்லை. போய்ச் சேர்ந்ததெல்லாம் "கொர்ர்..." என்ற இரைச்சல்தான்!

பேச்சு ஒரு பிள்ளையார் சிலையைப் பற்றியது. பெரியவர் சொன்ன விலை அறுபதாயிரம். இரைச்சலில் வாடிக்கையாளர் காதில் விழுந்தது எழுபதாயிரம்!

"கட்டுப்படி ஆகாதுங்க" என்று சொல்லி அவர் இணைப்பைத் துண்டித்து விட்டார். கைக்கு வந்த வியாபாரம் கை நழுவும் நிலை.

இந்த வில்லங்கத்தை 220 ரூபாய்ச் சாமான் ஒன்று தீர்த்து வைத்தது. அதன் விவரம் வருமாறு:-

6 ஆயிரம் கேட்டார்கள்!

பெரியவர் முதலில் ஒரு ரிப்பேர் கடைக்குப் போனார். கம்ப்யூட்டரைத் திறந்துகூடப் பார்க்கவில்லையாம். "மதர்போர்டு போச்சு. மாத்தணும். 6 ஆயிரம் ஆகும்" என்று சொல்லி விட்டார்கள்.

பெரியவர் திடுக்கிட்டார். சி.பி.யு. பெட்டியைத் துணியில் சுற்றினார். பஸ் ஏறினார். திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு வந்து, தெரிந்த மெக்கானிக் ஒருவரின் சின்னக் கடையில் பெட்டியை இறக்கி வைத்தார்.

இந்த நிருபரும் அப்போது அங்கேதான் இருந்தார். நிருபரின் லேப்டாப்பிலும் அதே தொல்லை. பேட்டி கண்டு பதிவு செய்தால், பேசியவர் குரலைவிட இரைச்சல்தான் அதிகமாகக் கேட்கும். எழுத உட்காரும்போது பாதிப் பேச்சு காணாமல் போயிருக்கும்.

மெக்கானிக் மேஜை டிராயரைத் திறந்தார். கட்டை விரல் அளவுக்கு ஒரு சாமானை எடுத்தார். ஒரு பக்கம் யூ.எஸ்.பி. முனை. மறு பக்கம் இரண்டு ஓட்டை. ஒன்று பச்சை, மற்றது ரோஸ்.

பெட்டியில் செருகினார். பச்சையில் ஹெட்போன் வயரையும் ரோஸில் மைக் வயரையும் சொருகினார்.

"பேசுங்கய்யா" என்றார்.

பெரியவர் பேசினார். பதிவானதைத் திருப்பிப் போட்டார்கள். கணீரென்று கேட்டது குரல்! "கொர்ர்" போன இடம் தெரியவில்லை.

"இதுக்கா தம்பி ஆறாயிரம் கேட்டான்?" என்று பெரியவர் வாயடைத்து நின்றார்.

மெக்கானிக்குடன் பேட்டி

நிருபர்:- இது என்ன மாயம்?

மெக்கானிக்:- மாயமும் இல்லை, மந்திரமும் இல்லை. இதுக்குப் பேரு யூ.எஸ்.பி. சவுண்டு கார்டு. கம்ப்யூட்டருக்குள்ளே பாட்டு, பேச்சு எல்லாமே வெறும் எண்ணாத்தான் ஓடுது. அதை மின் அலையா மாத்தினாத்தான் ஹெட்போன்ல கேக்கும். மைக்ல நாம பேசறதை எண்ணா மாத்தினாத்தான் உள்ளே போகும். இந்த மாத்தற வேலையைச் செய்யறதுதான் சவுண்டு கார்டு.

நிருபர்:- அது கம்ப்யூட்டரிலேயே இருக்குமே?

மெக்கானிக்:- இருக்கு. மதர்போர்டோட சேர்ந்து இருக்கு. அதுலதான் சிக்கல். மைக்லேருந்து வர்ற மின்சாரம் ரொம்ப சன்னம். ஒரு வோல்ட்டை ஆயிரமாப் பங்கு போட்டா அதுல சில பங்குதான். பக்கத்துலேயே பவர் சப்ளை, பேன், மத்த சிப்பு எல்லாம் ஓடிக்கிட்டு இருக்கு. போதாக்குறைக்கு, பெட்டியோட முன்பக்க ஓட்டையிலேருந்து மதர்போர்டு வரைக்கும் ஒரு வயர் போகுது. அந்த வயர் வழியிலே கிடைக்கிற இரைச்சலை எல்லாம் வாங்கிக்குது. சந்தைக்கடைக்கு நடுவுல ரகசியம் பேசின மாதிரிதான்!

நிருபர்:- இதைப் போட்டால்?

மெக்கானிக்:- மாத்தற வேலை பெட்டிக்கு வெளியிலே வந்துடுது. சந்தைக்கு வெளியே வந்து பேசற மாதிரி.

"சவுண்டு கார்டு" வந்த கதை

ஒரு காலத்தில் கம்ப்யூட்டருக்கு "பீப்... பீப்" என்பதைத் தவிர வேறு குரல் கிடையாது. பாட்டு வேண்டுமானால் தனியாக ஓர் அட்டை வாங்கிப் பெட்டிக்குள் பொருத்த வேண்டும். "கார்டு" என்ற பேர் அப்படி வந்ததுதான்.

அந்த அட்டைகளில் உலகம் முழுவதும் பேர் வாங்கியது "சவுண்டு பிளாஸ்டர்". 1989-ல் வந்த இதைச் செய்தது சிங்கப்பூர் கம்பெனியான கிரியேட்டிவ். அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான சிம் வோங் ஹூ 2023 ஜனவரியில் காலமானார்.

யூ.எஸ்.பி. முறை வந்தது 1996-ல். அமெரிக்காவின் இன்டெல் கம்பெனியில் அதை உருவாக்கிய குழுவில் முக்கியமானவர் நம் நாட்டுக்காரர். குஜராத் மாநிலம் பரோடாவில் படித்த அஜய் பட்!

எல்லாக் கம்ப்யூட்டரும் ஏற்றுக்கொள்ளும் ஒரே விதிமுறையில் செய்யப்படுவதால், இந்தச் சாமானுக்குத் தனியாக சி.டி. போட வேண்டியதில்லை. விண்டோஸ், லினக்ஸ் இரண்டுமே செருகியதும் அடையாளம் கண்டு கொள்கின்றன.

செல்போன்களில் ஹெட்போன் ஓட்டை இல்லாமல் போனபிறகு விற்கும் டைப்-சி ஜாக்குகள் பலவற்றின் உள்ளே இருப்பதும் இதே சங்கதிதான்.

உப்புக் காற்று உஷார்!

கடற்கரை ஊர்களில் இன்னொரு தலைவலியும் உண்டு. மாமல்லபுரம் மாதிரி இடத்தில் உப்புக் காற்று ஓயாமல் வீசும். ஹெட்போன் ஓட்டைக்குள் இருக்கும் உலோகத் தகடு அரித்துப் போகும். சிற்பக் கடை என்றால் கல் தூசியும் சேர்ந்து கொள்ளும். வயரை அசைத்தால் ஒரு காதில் கேட்கும், மறு காதில் கேட்காது.

2011-ல் தொடங்கிய அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் வாங்கிய லேப்டாப்கள் பல வீடுகளில் இன்னும் இருக்கின்றன. வருஷக்கணக்கில் சொருகிப் பிடுங்கி ஜாக் தேய்ந்து போயிருந்தால், மூலையில் தூக்கிப் போட வேண்டாம். யூ.எஸ்.பி. ஓட்டை நன்றாக இருந்தால் போதும். மறுபடியும் பாடும்!

"7.1" மோசடி

இங்கேதான் ஏமாறக் கூடாது. சில சாமான்களின் மேலே "7.1 சேனல்" என்று பெரிதாக அச்சடித்திருக்கும். சினிமா தியேட்டர் மாதிரி எட்டு ஸ்பீக்கரில் சத்தம் வரும் என்று அதற்கு அர்த்தம். ஆனால் இருப்பதோ ஹெட்போனுக்கு ஒரே ஓட்டை! அதில் இடது, வலது என்று இரண்டு பக்கச் சத்தம்தான் வர முடியும். மீதியெல்லாம் வெறும் ஜோடனை. அதற்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்க வேண்டாம்.

பழைய கேசட்டை கம்ப்யூட்டரில் ஏற்ற நினைப்பவர்களும் கவனிக்கவும். மலிவுச் சாமானின் ரோஸ் ஓட்டை மைக்குக்காக மட்டும் செய்தது. டேப் ரெக்கார்டர் வயரை அதில் சொருகினால் சத்தம் பிசிறடிக்கும். இரண்டு பக்கச் சத்தமும் ஒன்றாகிவிடும். அதற்கு "லைன் இன்" உள்ள சாமான்தான் வாங்க வேண்டும். விலையும் கூடுதல்.

வாங்கும் முன்...

காசை எடுப்பதற்கு முன்னால் செய்ய வேண்டியவை என்று மெக்கானிக் சொன்னவை:-

1. ஹெட்போனை வேறு கருவியில் மாட்டிப் பாருங்கள். அங்கேயும் கேட்கவில்லையா? கோளாறு ஹெட்போனில்.

2. மேஜைக் கம்ப்யூட்டர் என்றால் முன்பக்க ஓட்டையை விட்டுப் பின்பக்க ஓட்டையில் சொருகுங்கள். இதிலேயே இரைச்சல் அடங்கினால் செலவே கிடையாது!

3. லேப்டாப் என்றால் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். இரைச்சல் நின்று விட்டதா? தகராறு சார்ஜரிலோ வீட்டு எர்த்திலோ இருக்கிறது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

4. உங்கள் ஹெட்போனில் ஒரே பின்னா, இரண்டா என்று பாருங்கள். பச்சை, ரோஸ் என்று இரண்டு ஓட்டை உள்ள சாமானுக்கு இரண்டு பின் வேண்டும். செல்போன் ஹெட்போனை மாட்டினால் பாட்டு கேட்கும். மைக் வேலை செய்யாது.

5. செருகிய பிறகும் சத்தம் வரவில்லையா? பயப்பட வேண்டாம். திரையின் கீழ் மூலையில் ஸ்பீக்கர் படம் இருக்கும். அதை அமுக்கி யூ.எஸ்.பி. ஆடியோ என்பதைத் தேர்ந்தெடுங்கள். மைக்குக்கும் அப்படியே.

எல்லா நோய்க்கும் மருந்தா?

இல்லை. யூ.எஸ்.பி. மின்சாரமும் கம்ப்யூட்டரிலிருந்துதான் வருகிறது. சில பெட்டிகளில் அந்த வழியாகவும் கொஞ்சம் இரைச்சல் வரலாம். வேறு யூ.எஸ்.பி. ஓட்டையில் மாற்றிச் செருகிப் பார்க்க வேண்டும். மைக்கே மட்டமாக இருந்தாலும் இது ஒன்றும் செய்யாது. இன்டர்நெட் வேகம் குறைந்து குரல் விட்டு விட்டு வந்தால், அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

"சரியா வரலேன்னா திருப்பிக் கொடுத்துடுங்க" என்று சொல்லித்தான் மெக்கானிக் காசு வாங்கினார். நிருபரும் ஒன்று வாங்கிக் கொண்டார். இந்தச் செய்திக்கான பேட்டி அதில் பதிவானதுதான்!

சிலை போகிறது

பெரியவர் அன்று இரவே சிங்கப்பூருக்கு மறுபடியும் பேசினார். இந்த முறை கத்தவில்லை. சாதாரணமாகத்தான் பேசினார்.

"அறுபதாயிரமா? இதை முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கேட்டாராம் வாடிக்கையாளர்.

"சொன்னேங்க. நான் சொன்னேன். கம்ப்யூட்டர்தான் சொல்லலை" என்றாராம் பெரியவர்.

சிலைக்கு அட்வான்ஸ் வந்து விட்டது. உளிச் சத்தம் கேட்கத் தொடங்கி விட்டது.