தாத்தாவைக் காத்த சாக்ஸ்!

குட்டீஸ்... மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி விட்டுக்கொண்டு, “என் கண்ணாடியைப் பார்த்தீங்களா?” என வீடு முழுக்கத் தேடும் தாத்தாக்களைப் பார்த்திருப்பீர்கள். வயதானால் இப்படிச் சின்னச் சின்ன மறதி வருவது சகஜம்தான். ஏன், நாமே ஹோம் ஒர்க் நோட்டை வீட்டில் மறந்துவிட்டுப் பள்ளிக்கூடம் போகிறோமே!

ஆனால், சிலருக்கு வரும் மறதி இப்படிப்பட்டது அல்ல. முதலில், சாப்பிட்டோமா, இல்லையா என்பது மறந்து போகும். பிறகு, நாற்பது வருடம் நடந்த தெருவே மறந்து போகும். கடைசியில், பெற்ற பிள்ளையின் முகம் கூட அடையாளம் தெரியாமல் போய்விடும். இது மூளையைத் தாக்கும் நோய். இவற்றில் அதிகம் பேருக்கு வருவது, ‘அல்சைமர்’ நோய். 1906ல் இதைப் பற்றி விளக்கிச் சொன்ன ஜெர்மன் டாக்டர் அலாய்ஸ் அல்சைமரின் பெயரையே நோய்க்கும் வைத்துவிட்டார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2021ல் உலகம் முழுவதும் 5 கோடியே 70 லட்சம் பேர் மறதி நோய்களோடு வாழ்ந்தனர்.

அப்படிப்பட்ட ஒரு தாத்தாவுக்காக, அவருடைய பேரன் கண்டுபிடித்த கருவியின் கதைதான் இது.

பூங்காவில் தொலைந்த தாத்தா

அமெரிக்காவைச் சேர்ந்தவன் கென்னத் ஷினோசுகா. அவனுக்கு 4 வயது இருக்கும்போது, ஜப்பானில் ஒரு பூங்காவில் தாத்தாவோடு நடந்து கொண்டிருந்தான். திடீரென்று தாத்தா வழி தெரியாமல் தொலைந்து போனார். அப்போதுதான் அவருக்கு அல்சைமர் நோய் இருப்பது வீட்டாருக்குத் தெரிய வந்தது.

நாளாக ஆக, நோயும் வளர்ந்தது. நடுராத்திரியில் தாத்தா எழுந்து, எங்கே போகிறோம் என்றே தெரியாமல் நடக்க ஆரம்பித்துவிடுவார். இருட்டில் விழலாம், கதவைத் திறந்து சாலைக்கே போய்விடலாம். அவரைப் பார்த்துக்கொண்ட உறவுக்காரப் பெண்மணி, இரவெல்லாம் கண் விழித்துக் காவல் காத்தார். அப்படியும், கொஞ்சம் கண் அசந்த நேரத்தில் தாத்தா எழுந்துவிடுவார். பகலெல்லாம் வேலை, இரவெல்லாம் காவல் என்றால் ஒரு மனிதரால் எத்தனை நாள் தாங்க முடியும்? தாத்தாவுக்கு ஆபத்து, காப்பவருக்குத் தூக்கம் இல்லை. இரண்டையும் தீர்க்க வேண்டும் என நினைத்தான் கென்னத்.

தரையில் பட்ட பாதம்

பெரியவர்களுக்கு உதவும் கருவி செய்வது அவனுக்குப் புது ஆசை அல்ல. அவனுக்கு 6 வயதானபோது, குடும்ப நண்பர் ஒருவர் குளியலறையில் விழுந்து பலமாக அடிபட்டார். உடனே கென்னத், தரை ஓடுகளுக்குள் சென்சார் பதித்தால், யாராவது விழுந்ததும் தெரிந்துவிடுமே என யோசித்தான். ஆனால், 6 வயதுப் பையனால் அதைச் செய்து முடிக்க முடியுமா? யோசனை, யோசனையாகவே நின்றுவிட்டது.

இந்த முறை அவன் விடவில்லை. விடாமல் வழி தேடினான். ஒருநாள் இரவு, தாத்தாவுக்குத் துணையாக இருந்தபோது, அவர் கட்டிலை விட்டு இறங்குவதைப் பார்த்தான். அவர் பாதம் தரையில் பட்டது. அந்த நொடியில் பொறி தட்டியது! ‘யார் எழுந்தாலும் முதலில் தரையைத் தொடுவது பாதம்தானே? குதிகாலில் ஒரு சென்சார் வைத்தால் என்ன?’

எப்படி வேலை செய்கிறது?

சாக்ஸின் குதிகால் பகுதியில், தாள் போல மெல்லிய சென்சார் ஒன்று இருக்கும். அதில் பூசியுள்ள விசேஷ மையில், மின்சாரத்தைக் கடத்தும் நுண்ணிய துகள்கள் உள்ளன. அழுத்தம் இல்லாதபோது துகள்கள் தள்ளித் தள்ளி நிற்கும். தாத்தா காலை ஊன்றியதும், கூட்டமான பஸ்ஸில் பயணிகள் நெருங்குவது போல, துகள்கள் ஒன்றையொன்று நெருங்கும். மின்சாரம் எளிதாகப் பாயும். உடனே, நாணயம் போன்ற குட்டி பேட்டரியில் இயங்கும் சர்க்யூட், ‘புளூடூத்’ மூலம் செல்போனுக்குத் தகவல் அனுப்பும். செல்போன் ஒலித்து, தூங்குபவரை எழுப்பிவிடும்!

செல்போனுக்கான புரோகிராமையும் கென்னத்தே எழுதினான். பிறகு, தாத்தாவிடமே மாதக்கணக்கில் சோதித்துப் பார்த்தான். நூற்றுக்கணக்கான முறை அவர் எழுந்து நடந்ததில், ஒருமுறை கூடக் கருவி தவறவிடவில்லை என்றான். 2014ல், கூகுள் அறிவியல் கண்காட்சிப் போட்டியில் இந்தக் கருவிக்கு, ‘சயின்டிபிக் அமெரிக்கன்’ இதழின் 50 ஆயிரம் டாலர் பரிசு கிடைத்தது. அப்போது அவனுக்கு வயது 15!

கருவியால் முடியாதது

இந்தச் சாக்ஸ், தாத்தாவின் மறதியைக் குணமாக்கவில்லை. அல்சைமரை முழுவதுமாகக் குணப்படுத்தும் மருந்து இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. செல்போன் ஒலிக்கும், அவ்வளவுதான். எழுந்து போய், “வாங்க தாத்தா, இன்னும் விடியலை” எனக் கையைப் பிடித்து அழைத்து வர, ஒரு மனிதர் வேண்டும். ஆனால், அந்த மனிதர் நிம்மதியாகத் தூங்க, கருவி உதவுகிறது. அதுதான் அதன் பெருமை!

நீங்களும் உதவலாம்!

உங்கள் வீட்டுத் தாத்தா, பாட்டிக்கு மறதி இருந்தால்...

* தேதி, கிழமையைப் பெரிய எழுத்தில் எழுதி, கண்ணில் படும் இடத்தில் மாட்டுங்கள்.

* குளியலறை, சமையலறைக் கதவுகளில் படம் வரைந்து ஒட்டுங்கள்.

* “நான் யாரு, சொல்லுங்க பார்க்கலாம்!” எனச் சோதிக்காதீர்கள். “பாட்டி, நான் உங்க பேத்தி வந்திருக்கேன்” என நீங்களே சொல்லிவிடுங்கள்.

* கேட்டதையே பத்து முறை கேட்டாலும், எரிந்து விழாமல் பதில் சொல்லுங்கள். அவர்களுக்கு ஒவ்வொரு முறையும் அது புதுக் கேள்விதான்!

கென்னத்துக்கு யோசனை கிடைத்தது தாத்தாவின் பாதத்தைக் கவனித்ததால்தான். உங்கள் வீட்டுப் பெரியவர்களையும் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள், குட்டீஸ். அடுத்த கண்டுபிடிப்பு உங்களுடையதாக இருக்கலாம்!